குப்பை மடல்களின் கதை: காலணா கார்டு முதல் கணினி அஞ்சல் வரை

நிஜாம் ஆண்ட ஹைதராபாத்தில் அஞ்சல் இரண்டு வகையாக இருந்தது. 1869-ஆம் ஆண்டு முதல் சமஸ்தானத்துக்கென்று தனித் தபால்தலைகள் வந்தன. அவற்றை ஒட்டிய கடிதம் நிஜாம் எல்லைக்குள் மட்டுமே செல்லும். செகந்திராபாத் கண்டோன்மெண்டில் பட்டாளத்தோடு வந்து குடியமர்ந்த நம்மவர்கள் செங்கல்பட்டுக்கோ வேலூருக்கோ நாலு வரி எழுத வேண்டுமானால் பிரிட்டிஷ் இந்தியத் தபால்தலைதான் வேண்டும். அந்தக் காலத்துக் கடிதத்தைக் கையில் எடுத்தால் எந்த ஆட்சியின் தலை, எந்த ஊர் முத்திரை, எந்தத் தேதி என்பது உறையின் மேலேயே தெரிந்துவிடும். வீட்டுப் பெரியவர்களும் கடிதத்தைப் பிரிக்குமுன் முத்திரையைத்தான் முதலில் பார்ப்பார்கள். உறையின் மூலையில் அனுப்புநர் என்று யார் பெயரை வேண்டுமானாலும் யாரும் எழுதிவிடலாம். முத்திரையைத் தபால் ஆபீஸ்தான் குத்த வேண்டும்.

மின்னஞ்சல் வந்தபோது எழுத்தும் வேகமும் கிடைத்தன. ஆனால் முத்திரை கண்ணிலிருந்து மறைந்துவிட்டது. குப்பை மடல்களின் வரலாறு முழுவதும் இந்த ஒரு குறையைச் சுற்றித்தான் ஓடுகிறது என்பது என் எண்ணம். குப்பை மடல் என்றாலே வயாகரா விளம்பரமும் லாட்டரிப் பரிசும் என்று நினைத்துச் சிரித்துவிட்டுப் போகிறோம். அவை ஆபத்தில்லாத ரகம். நாம் எதற்காகக் காத்திருக்கிறோமோ அதன் வேஷத்தில், நமக்குத் தெரிந்தவரின் பெயரில் வருவதுதான் ஆபத்தானது. ஊர் விட்டு ஊர் வந்தவர்கள் எப்போதும் எதற்காவது காத்திருப்பவர்கள்தானே! வேலை, விசா, மகன் அனுப்பும் பணம், ஊரிலிருந்து ஒரு சேதி. ஆகவே இந்தச் சரித்திரம் நம்மைப் போன்ற குடும்பங்களுக்குச் சற்று நெருக்கமானது.

கேட்காமலேயே வந்து கதவைத் தட்டும் சேதி கணினிக்கு முன்பே உண்டு. 1864-இல் லண்டனில் பல் மருத்துவர்கள் சிலர் தங்கள் விளம்பரத்தைத் தந்தியாகப் பெரிய மனிதர்களின் வீடுகளுக்கு இரவு நேரத்தில் அனுப்பினார்கள். தந்தி என்றால் சாவுச் செய்தியோ என்று பதறி எழுந்தவர்கள் பத்திரிகைக்கு எழுதித் திட்டினார்கள். நம் நாட்டில் 1879-இல் காலணா விலையில் தபால் கார்டு வந்தது. ஏழை எளியவரும் கடிதம் எழுத வழி பிறந்தது. அந்தக் கார்டிலேயே பிற்காலத்தில் சங்கிலிக் கடிதமும் ஏறியது. "இதைப் படித்தவர் ஏழுமலையான் பெயரால் இத்தனை பேருக்கு எழுதி அனுப்பவும். எழுதியவருக்குப் புதையல் கிடைத்தது. கிழித்துப் போட்டவர் குடும்பம் நாசமாயிற்று" என்ற பாணியில் வரும். அறுபது வயதைத் தாண்டிய வாசகர்களில் இதைப் பார்க்காதவர் குறைவாகவே இருப்பர். எதுக்கு வம்பு என்று உட்கார்ந்து எழுதிப் போட்டவர்கள் எத்தனை பேர்! ஒரே ஒரு வித்தியாசம், அன்றைக்குக் கார்டுக்குக் காசு ஆயிற்று, கை வலித்தது. இந்த இரண்டு தடைகளும் கணினியில் இல்லை.

கணினி வழியில் வந்த முதல் குப்பை மடலுக்கு நாள், மாதம் எல்லாம் பதிவாகியிருக்கிறது. 1978 மே 3 அன்று டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷன் என்ற அமெரிக்க நிறுவனத்தின் விற்பனையாளர் கேரி துயர்க், புதிய கணினிகளைப் பற்றிய விளம்பரத்தை அர்ப்பாநெட் வலையில் இருந்த ஏறத்தாழ 400 பேருக்கு ஒரே மூச்சில் அனுப்பினார். அப்போது அதற்கு 'ஸ்பேம்' என்ற பெயர் கிடையாது. ஸ்பேம் என்பது ஹார்மெல் நிறுவனம் 1937-இல் விற்கத் தொடங்கிய டப்பா இறைச்சி. 1970-இல் மான்டி பைத்தான் என்ற ஆங்கில நகைச்சுவைக் குழு, ஓர் ஓட்டலில் எதைக் கேட்டாலும் ஸ்பேம் ஸ்பேம் என்றே பதில் வருவதாக ஒரு காட்சி நடித்தது. அதிலிருந்து வந்தது இந்தப் பெயர். தமிழில் 'எரிதம்' என்று சொல்லாக்கம் செய்தார்கள். எனக்கு ஏனோ குப்பை மடல் என்ற சொல்தான் வாயில் வருகிறது. மடல் என்ற பழைய சொல்லும் இதில் வாழ்கிறது. (நம்மூர் தெலுங்கு நண்பர்கள் கடிதத்தை உத்தரம் என்பார்கள். புதிதாக வந்த தமிழர் வீட்டில் அதைக் கேட்டுக் கூரையை அண்ணாந்து பார்த்த கதையும் உண்டு.)

முத்திரை ஏன் மறைந்தது என்பதைச் சொல்லியாக வேண்டும். 1982-இல் ஜான் போஸ்டல் வகுத்துக் கொடுத்த விதிமுறைகளின்படிதான் உலகம் முழுதும் மின்னஞ்சல் பரிமாற்றம் நடக்கிறது. அன்று வலையில் இருந்தவர்கள் பல்கலைக்கழகத்தாரும் ஆய்வாளர்களும். ஒருவரையொருவர் சந்தேகிக்கக் காரணமில்லை. எனவே அனுப்புநர் என்ற இடத்தில் எழுதியிருப்பது உண்மையா என்று சோதிக்க அதில் வழி வைக்கப்படவில்லை. உறையின் மூலையில் யாரும் யார் பெயரையும் எழுதலாம் என்ற நிலை அப்படியே கணினிக்குள் வந்துவிட்டது. மடல் எந்தெந்தக் கணினி வழியாக வந்தது என்ற குறிப்புகள் மடலின் தலைப்பகுதியில் ஒளிந்திருக்கும். அவைதாம் தபால் முத்திரை. சாதாரணமாகத் திறந்தால் கண்ணுக்குத் தெரியாது. ஜிமெயிலில் 'ஷோ ஒரிஜினல்' என்று கேட்டால்தான் காட்டும்.

இந்தியாவில் பொதுமக்களுக்கு இணையம் வந்தது 1995 ஆகஸ்ட் 15 அன்று, வி.எஸ்.என்.எல். மூலமாக. முதலில் மும்பை, தில்லி, கல்கத்தா, அன்றைய மெட்ராஸ்; மற்ற ஊர்களுக்குப் பிறகுதான். ஆனால் வீட்டில் கணினியும் இல்லை, இணைப்பும் இல்லை என்றிருந்த குடும்பங்களுக்கு மின்னஞ்சலைக் கொண்டு சேர்த்தது உலாவியில் திறக்கும் இலவச அஞ்சல்தான். 1996 ஜூலை 4 அன்று சபீர் பாட்டியா, ஜாக் ஸ்மித் இருவரும் ஹாட்மெயிலைத் தொடங்கினார்கள். பாட்டியா சண்டிகரில் பிறந்து பெங்களூரில் வளர்ந்தவர். ஒவ்வொரு மடலின் அடியிலும் "நீங்களும் இலவச அஞ்சல் பெறலாம்" என்று ஒரு வரி தானாகச் சேர்ந்து போகும். அந்த வரியே விளம்பரமாகி ஒன்றரை வருடத்துக்குள் பல லட்சம் பேர் சேர்ந்தார்கள். 1997 இறுதியில் மைக்ரோசாஃப்ட் அதை ஏறத்தாழ 40 கோடி டாலருக்கு வாங்கிற்று. அதே ஆண்டில் யாஹூ அஞ்சலும் வந்தது. இங்கே ரெடிஃப்மெயில் பேர் எடுத்தது.

சைபர் டவர்ஸ் 1998-இல் திறந்த பிறகு இந்த நகரம் மாறிய வேகம் வாசகர்களுக்குத் தெரிந்ததே. அமீர்பேட்டையில் மைத்ரிவனத்தைச் சுற்றி பயிற்சி நிலையங்கள் முளைத்தன. அவற்றுக்குப் பக்கத்தில் பிரவுசிங் சென்டர்கள். மணிக்கு இவ்வளவு என்று கொடுத்துவிட்டு, அமெரிக்கா போன பையனின் மடலைப் பார்க்க மாமா, மாமியெல்லாம் தார்னாகாவிலும் மாரேட்பள்ளியிலும் காத்திருந்த காலம் அது. அப்போது ஹாட்மெயில் கொடுத்த இடம் 2 எம்.பி. மட்டுமே. முப்பது நாள் திறக்காவிட்டால் பெட்டியே செயலிழந்துவிடும். இன்று ஒரு புகைப்படத்துக்குக் கூடப் போதாத அந்த இடத்தில் குப்பை மடல்கள் வந்து நிரம்பினால், மகனின் மடல் இடமில்லாமல் திரும்பிப் போய்விடும். "லெட்டர் போட்டேனே, பார்க்கலையா?" என்று அவன் ஐ.எஸ்.டி.யில் கேட்பான். குப்பை மடல் வெறும் தொல்லையில்லை, உறவையும் அறுத்தது. 2004 ஏப்ரல் 1 அன்று ஜிமெயில் 1 ஜி.பி. இடத்தோடு வந்தபோது முட்டாள்கள் தின விளையாட்டு என்று பலர் நம்பவில்லை. இட நெருக்கடி அத்தோடு தீர்ந்தது.

தமிழில் எழுதியவர்களுக்கு இன்னொரு தனிச் சங்கடமும் இருந்தது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டுக்குப் பிறகும் திஸ்கி, டாம், டாப் என்று எழுத்துமுறைகள் பலவாகப் புழங்கின. அந்தந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால், பாட்டிக்கு எழுதிய தமிழ் மடல் தலையில் கொம்பு முளைத்த ரோமன் எழுத்துகளாகத் தெரியும். பார்வைக்கு அசல் குப்பை மடல்! மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சல் போன்ற மென்பொருள்களும், பின்னர் யூனிகோடும் இந்தக் கொடுமையிலிருந்து நம்மைக் காப்பாற்றின.

இனி தூண்டில்களைப் பார்ப்போம். 1994 ஏப்ரல் 12 அன்று அரிசோனா மாநிலத்து வழக்கறிஞர் தம்பதியர் இருவர், ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட செய்திக் குழுக்களில் ஒரே விளம்பரத்தைக் கொட்டினார்கள். விஷயம் என்ன தெரியுமா? கிரீன் கார்டு லாட்டரி! வலையுலகின் முதல் பெரிய வணிகக் குப்பையே குடியேற்றக் கனவை வைத்துத்தான் எழுதப்பட்டது. விசா கிடைக்கவேண்டி சில்கூர் பாலாஜி கோயிலில் 11 சுற்றும், கிடைத்ததும் 108 சுற்றும் சுற்றுகிற ஊர் நம்முடையது. இந்த வகை மடலுக்கு இங்கே ஆள் கிடைக்காதா? இந்தியாவில் பிறந்தவர்களுக்கு அந்த லாட்டரியில் பொதுவாக இடமே இல்லை என்பதும், பரிசு விழுந்தது என்று அமெரிக்க அரசு யாருக்கும் மின்னஞ்சல் அனுப்புவதில்லை என்பதும் தெரிந்திருந்தால் பலருடைய பணம் மிஞ்சியிருக்கும்.

நைஜீரிய இளவரசர் மடல் எல்லாரும் அறிந்தது. அந்நாட்டுக் குற்றவியல் சட்டத்தின் 419-ஆம் பிரிவின் எண்ணையே அதற்குப் பெயராக வைத்துவிட்டார்கள். ஆனால் இது நைஜீரியரின் கண்டுபிடிப்பு என்பது தவறு. ஸ்பெயின் சிறையில் வாடும் பணக்காரரை மீட்க முன்பணம் கேட்கும் கடிதங்கள் 19-ஆம் நூற்றாண்டிலேயே ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் தபாலில் உலவின. சரக்கு பழையது, வண்டி மட்டும் புதிது.

2000 மே 4 அன்று பிலிப்பைன்ஸிலிருந்து புறப்பட்ட 'ஐ லவ் யூ' மடல் வேறு பாடம் சொல்லிக் கொடுத்தது. அதுவரை தெரியாதவர் மடலைத் திறக்காதே என்றுதான் அறிவுரை. இது தெரிந்தவர் முகவரியிலிருந்தே வந்தது. இணைப்பைத் திறந்ததும் அந்தக் கணினியின் முகவரிப் புத்தகத்தில் இருந்த அத்தனை பேருக்கும் தன்னைத்தானே அனுப்பிக்கொண்டது. பிலிப்பைன்ஸில் அப்போது இதற்கென்று சட்டம் இல்லாததால் எழுதியவரைத் தண்டிக்க முடியவில்லை. சில வருடம் கழித்து இதே தந்திரம் மனித வடிவில் வந்தது. நண்பரின் கணக்கைத் திருடி, "லண்டன் வந்த இடத்தில் பர்ஸ், பாஸ்போர்ட் எல்லாம் போச்சு, உடனே பணம் அனுப்பு" என்று அவர் பெயரிலேயே மடல் வரும். சித்தப்பா பிள்ளை உண்மையிலேயே லண்டனில் இருந்தால் யாருக்குத்தான் பதறாது? ஒரு போன் செய்து குரலைக் கேட்டுவிட்டால் விஷயம் முடிந்தது.

வேலை தேடுவோர் பக்கத்திலும் தூண்டில் விழுந்தது. மென்பொருள் நிறுவனங்களின் சங்கமான நாஸ்காமின் பெயரைப் போட்டு, வேலைக்கு ஆள் பிடித்துத் தரும் ஒரு நிறுவனத்தார் மடல் அனுப்பித் தகவல் திரட்டினார்கள். 2005-இல் தில்லி உயர்நீதிமன்றம், இதற்கென்று தனிச் சட்டம் இல்லாவிட்டாலும் இது சட்டவிரோதம்தான் என்று சொல்லிற்று. 16 லட்சம் ரூபாய் இழப்பீட்டோடு வழக்கு சமரசமாக முடிந்தது.

நம்மவர்கள் கட்டாயம் அறிய வேண்டிய வழக்கு தூத்துக்குடி வழக்கு. அபுதாபியில் வேலை பார்த்த ஒரு தமிழர், தூத்துக்குடியில் ஐசிஐசிஐ வங்கிக் கிளையில் கணக்கு வைத்திருந்தார். 2007 செப்டம்பரில் வங்கியிடமிருந்து வந்தது போலவே ஒரு மடல் வந்தது. கணக்கைப் புதுப்பிக்க விவரங்கள் வேண்டும் என்றது. கொடுத்தார். 6.46 லட்சம் ரூபாய் அவர் கணக்கிலிருந்து மும்பையில் அதே வங்கியின் மற்றொரு கணக்குக்குப் போய், அதில் பெரும்பகுதி பணமாகவும் எடுக்கப்பட்டுவிட்டது. வளைகுடாவில் சம்பாதித்த காசு!

ரகசிய விவரத்தைக் கொடுத்தது வாடிக்கையாளரின் கவனக்குறைவு என்றது வங்கி. நம்மில் பலரும் அப்படித்தான் தீர்ப்புச் சொல்வோம். அவர் விடவில்லை. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின்படி மாநிலத் தகவல் தொழில்நுட்பச் செயலாளரே தீர்ப்பு அதிகாரி. நீதிமன்றப் படியேறி வருடக்கணக்கில் அலையாமல் அவரிடம் முறையிட வழி உண்டு. தமிழக அரசின் செயலாளராக இருந்த டேவிதார் விசாரித்து, 2010 ஏப்ரல் 12 அன்று, 12.85 லட்சம் ரூபாயை வங்கி கொடுக்க வேண்டுமென்று உத்தரவிட்டார். போன பணம், வட்டி, செலவு எல்லாம் அதில் அடக்கம். மடல் அனுப்பியவன் திருடன் என்றாலும், கணக்கைப் போதிய சரிபார்ப்போடு காக்கும் பொறுப்பு வங்கிக்கும் உண்டு என்பதே அதன் சாரம். வங்கி மேல்முறையீட்டுக்குப் போனது தனிக் கதை. ஏமாந்தவனை முட்டாள் என்று சொல்லி வாயை அடைக்கும் வழக்கத்துக்கு ஒரு தமிழர் கொடுத்த பதிலாகவே இதை நான் பார்க்கிறேன். வெட்கப்பட்டு வெளியே சொல்லாமல் இருந்திருந்தால் ஒரு காசும் வந்திராது.

ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 அன்று இதற்கு ஒரு விதியே கொண்டுவந்தது. வங்கி மேலும் தவறில்லை, வாடிக்கையாளர் மேலும் தவறில்லை என்ற நிலையில் பணம் போனால், மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்தவருக்கு நஷ்டம் கிடையாது. விவரத்தைத் தானே கொடுத்துவிட்டவர்கூட, தெரிவித்த பிறகு போகும் பணத்துக்குப் பொறுப்பாக மாட்டார். ஆகவே மணிக்கணக்கு இங்கே முக்கியம். முதலில் வங்கிக்கு, கூடவே 1930 என்ற எண்ணுக்கு, அப்புறம் அழுதுகொள்ளலாம்.

சட்டத்தைப் பொறுத்தவரை நம் நிலை சற்று விசித்திரமானது. அமெரிக்காவில் 2003-லேயே குப்பை மடலுக்கெனத் தனிச் சட்டம் வந்தது. இங்கே 2000-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 2008-இல் திருத்தம் செய்து 66ஏ பிரிவைச் சேர்த்தார்கள். 2009 அக்டோபரில் அது நடைமுறைக்கு வந்தது. தொல்லை தரும், அனுப்புநரை மறைத்து ஏமாற்றும் மின்னஞ்சல் குற்றம் என்று அதில் ஓர் உட்பிரிவு. ஆனால் அந்தப் பிரிவு பேச்சுரிமையை நசுக்கப் பயன்பட்டதால் 2015 மார்ச் 24 அன்று உச்சநீதிமன்றம் முழுமையாக ரத்து செய்தது. ரத்து செய்தது சரியே. ஆனால் குழந்தையைக் குளிப்பாட்டிய தண்ணீரில் குப்பை மடல் உட்பிரிவும் போயிற்று. ஆள்மாறாட்ட மோசடிக்கு 66டி பிரிவு இருக்கிறது. குப்பை மடலுக்கென்று தனிச் சட்டம் இன்றும் இல்லை. இதற்கிடையில் 2012-இல் சோபோஸ் நிறுவனத்தின் காலாண்டுப் பட்டியலில் உலகிலேயே அதிகம் குப்பை மடல் புறப்படும் நாடாக இந்தியா முதலிடம் பிடித்தது. நம்மவர்கள் உட்கார்ந்து எழுதியதில்லை. வைரஸ் பிடித்த வீட்டுக் கணினிகள், வீட்டுக்காரருக்கே தெரியாமல் இரவு பகலாக அனுப்பிக்கொண்டிருந்தன.

சட்டம் விட்ட இடத்தைக் கணக்கு பிடித்தது. 2002 ஆகஸ்டில் பால் கிரஹாம் என்ற அமெரிக்கர் ஒரு வழியை எழுதி வெளியிட்டார். குப்பை என்று ஒதுக்கியவற்றில் எந்தச் சொல் எத்தனை முறை வருகிறது, நல்ல மடலில் எத்தனை முறை வருகிறது என்று எண்ணி, 18-ஆம் நூற்றாண்டுப் பாதிரியார் தாமஸ் பேயஸின் நிகழ்தகவுக் கணக்கில் போட்டுத் தரம் பிரிப்பது. உலாவி அஞ்சலுக்கு இதில் ஒரு பலம். மடல்கள் அனைத்தும் ஒரே நிறுவனத்தின் கணினிகளில் இருப்பதால், ஒருவர் 'ரிப்போர்ட் ஸ்பேம்' அழுத்தினால் மற்றவர்களின் பெட்டிக்கும் அது பாடமாகிறது. அதனால்தான் குப்பையை வெறுமனே அழிப்பதைவிட அந்தப் பொத்தானை அழுத்துவது நல்லது. இன்னொரு பக்கமும் உண்டு. சங்கத்தின் பொங்கல் விழா அழைப்பு தினமும் வருகிறதே என்ற எரிச்சலில் நாலு உறுப்பினர் அதே பொத்தானை அழுத்தினால், மற்ற உறுப்பினர்களுக்கும் அழைப்பு குப்பைத் தொட்டிக்குப் போகத் தொடங்கும். ஜிமெயிலில் அந்தத் தொட்டியும் முப்பது நாளில் தானே காலியாகிவிடும். வாரம் ஒருமுறை எட்டிப் பார்ப்பது உத்தமம்.

முத்திரையும் மெல்லத் திரும்பி வந்திருக்கிறது. மடல் உண்மையிலேயே அந்த முகவரியின் கணினியிலிருந்துதான் வந்ததா என்று சோதிக்கும் முறைகள் ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. மொத்தமாக மடல் அனுப்புவோர் இந்தச் சான்றுகளோடுதான் அனுப்ப வேண்டும் என்று 2024 பிப்ரவரி முதல் கூகுளும் யாஹூவும் விதித்துள்ளன. விளம்பர மடல்களில் ஒரே சொடுக்கில் விலகும் வசதியும் இருக்க வேண்டும். தெரிந்த கடையின் மடலில் அந்த விலகல் சுட்டியை நம்பலாம். ஊர் பேர் தெரியாத மடலில் அதை அழுத்தினால், இந்த முகவரியில் ஆள் இருக்கிறார் என்று நாமே ஒப்புக்கொண்டதாகும். மடலுக்குள் இருக்கும் படங்களும் அப்படித்தான். கண்ணுக்குத் தெரியாத ஒரு புள்ளிப் படம், மடல் திறந்த செய்தியை அனுப்பியவனுக்குச் சொல்லிவிடும். படங்களைக் காட்டுமுன் என்னைக் கேள் என்று அமைப்பில் மாற்றி வைக்கலாம்.

இப்போதைய வேஷம் போலீஸ். சிபிஐ பெயரிலும் சைபர் குற்றப் பிரிவின் பெயரிலும் சிங்க முத்திரை போட்ட சம்மன் மடலில் இணைப்பாக வருகிறது. பின்னாலேயே வீடியோ அழைப்பில் 'டிஜிட்டல் அரெஸ்ட்' என்கிறார்கள். 2024 அக்டோபர் 27 அன்று பிரதமரே வானொலி உரையில் அப்படியொரு கைது சட்டத்தில் கிடையாது என்று சொல்ல வேண்டியதாயிற்று. தனியாக இருக்கும் ஓய்வுபெற்ற பெரியவர்கள்தான் இதில் அதிகம் பயந்துபோகிறார்கள். பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கும் வீடுகளில் பக்கத்து ஃபிளாட்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லிவைப்பது நல்லது.

கடைசியாக, நம் சங்கங்களைப் பற்றி. ஆண்டு விழா மலர்களின் பின்பக்கங்களில் உறுப்பினர் பெயர், வீட்டு முகவரி, தொலைபேசி, மின்னஞ்சல் எல்லாவற்றையும் அச்சிடுவது நீண்டகால வழக்கம். அகதி போல வந்து இறங்கியவருக்கு இன்னொரு தமிழ் வீட்டைக் காட்டிய பட்டியல் அது. அதன் பயனை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அதே மலர் இன்று பிடிஎஃப் ஆகி வலையில் ஏறிவிடுகிறது. முகவரி பொறுக்கும் நிரல்களுக்கு அது அறுவடை. அதேபோல் செயலாளர் ஒருவர் 300 பேரின் முகவரியையும் 'டூ' என்ற கட்டத்தில் போட்டு அழைப்பு அனுப்பினால், அந்த 300-இல் ஒருவர் கணக்கு திருடு போனாலும் மற்ற 299 பேர் முகவரியும் திருடன் கையில். 'பிசிசி' கட்டத்தில் போட்டால் ஒருவர் முகவரி மற்றவருக்குத் தெரியாது. வேலை ஒன்றுதான், நேரமும் அதேதான். பட்டியலைத் தனித் தாளாக அச்சிட்டு, உறுப்பினர் கையில் மட்டும் கொடுக்கலாம்.